பாதி வேதாந்தம்

வேதாந்த வகுப்புக்கு ஏன் போக ஆரம்பித்தாய் என்று யாராவது கேட்டால், ஞானம் தேடி என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? எனக்கு ஒரு நாற்காலி தேவைப்பட்டது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் யாரும் வந்து கூப்பிடாத நாற்காலி. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில், ஏர்கோனோடு, சனிக்கிழமை காலைகளில் அப்படியொன்று கிடைத்தது. மற்றதெல்லாம் அப்புறம் வந்தது.

என் கணவர் போர்ட்டில் முப்பது வருஷம் கொண்டெய்னர் லோரி ஓட்டியவர். இனிப்பு நீர் வியாதி அவருடைய இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் சென்டருக்குப் போய் ரத்தம் கழுவ வேண்டும். கிள்ளான் பண்டமாரானில் எங்கள் வீட்டு வாசலுக்குக் காலை ஆறரைக்கு சென்டர் வேன் வந்து நிற்கும். நான் ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, அவரைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, ஏற்றி, கூடவே போய், நாலு மணி நேரம் அவர் மெஷினில் படுத்திருக்க வெளியே உட்கார்ந்திருந்து, துவண்டுபோய் வருகிறவரைத் தாங்கிப் பிடித்து வீட்டில் கிடத்துவேன். மறுநாள் துணி துவைப்பது. அதற்கு மறுநாள் மறுபடியும் வேன். இதற்காகவே நான் பார்த்த கிளார்க் வேலையை ஐம்பத்து நாலு வயதில் விட்டேன். பிள்ளைகள் இல்லை. அழுவதற்குக்கூட ஆள் வைத்துத்தான் அழ வேண்டும்.

அடுத்த வீட்டு அக்கா மெதடிஸ்ட் சர்ச்சுக்குப் போகிறவர். அவர்தான், "சனிக்கிழமை நான் பாத்துக்கிறேன், நீ எங்கயாச்சும் போய்ட்டு வா, மூஞ்சியப் பாரு, பேயறைஞ்ச மாதிரி இருக்கு" என்று என்னை வீட்டை விட்டுத் துரத்தினார். எங்கே போவது? கொமுட்டர் ரயிலில் ஏறினேன். கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் வரை உட்கார்ந்தே போகலாம், சுபாங் ஜெயா வரும்வரை தூங்கவும் செய்யலாம். இறங்கி நடந்தபோது ஒரு படிக்கட்டில் ‘வேதாந்தம், அனைவரும் வரலாம்’ என்று தாள் ஒட்டியிருந்தது. மேலே ஏறினேன். குளுகுளுவென்று இருந்தது. அன்றைக்கு என்ன பேசினார்கள் என்று ஒரு வார்த்தை ஞாபகமில்லை. நன்றாகத் தூங்கினேன்.

வகுப்பு எடுத்தவர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரைச் சார் என்போம். காவி இல்லை, ருத்ராட்சம் இல்லை, அரைக்கைச் சட்டையும் சட்டைப்பையில் இரண்டு பேனாவும்தான். ஒரு பேனாவைத் தூக்கிக் காட்டுவார்.

"இந்தப் பேனாவ நீங்க பாக்கறீங்க. அப்ப நீங்க பேனா இல்ல. சரியா? உங்க கையப் பாக்கறீங்க. அப்ப கையும் நீங்க இல்ல. முட்டி வலிக்குது, அது உங்களுக்குத் தெரியுது. மனசு சோர்ந்து கெடக்கு, அதுவும் தெரியுது. தெரியுதுன்னா தெரிஞ்சுக்கிற ஒருத்தர் இருக்கணும்ல? அவருக்கு முட்டி இருக்கா? அவருக்குச் சோர்வு இருக்கா?"

அந்தக் கேள்வியில் எனக்குத் தூக்கம் கலைந்தது. வகுப்பில் சேர்ந்த மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ. காண்பவன் வேறு, காணப்படுவது வேறு. உடம்பு, மூச்சு, மனசு, புத்தி என்று ஒவ்வொன்றாக ‘இது நான் இல்லை, இது நான் இல்லை’ என்று விலக்கிக்கொண்டே போனால் விலக்க முடியாத ஒன்று மிஞ்சும். அதுதான் சாட்சி. அது களைக்காது, நோகாது, சாகாது. சொல்லப்போனால் அது பிறக்கவே இல்லை. கேட்டது மட்டும் போதாது, கேட்டதைச் சிந்திக்க வேண்டும், சிந்தித்தது வாழ்க்கையில் ஊற வேண்டும் என்பார் சார். நான் ஊற வைத்தேன். வேறு என்ன இருந்தது எனக்கு ஊற வைக்க, இட்லி அரிசியைத் தவிர?

வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. யாரும் ‘எனக்கு வலிக்கிறது’ என்று சொல்ல மாட்டோம். ‘இந்த உடம்புக்கு வலிக்கிறது’ என்போம். முதலில் விளையாட்டாக ஆரம்பித்து அப்புறம் அதுவே பேச்சாகிவிட்டது. வகுப்பு முடிந்து கீழே கடையில் தேத்தண்ணி குடிக்கும்போது, "இந்த உடம்பு இன்னொரு வடை கேக்குது லா" என்று ஒருத்தி சொல்வாள், எல்லோரும் சிரிப்போம். அந்தச் சிரிப்புக்காகவும்தான் நான் கிள்ளானிலிருந்து போனேன், மறைப்பானேன்.

போனில் பாடங்களைப் பதிவு செய்துகொண்டு வந்து சமைக்கும்போது போட்டுவிடுவேன். ஹாலில் சோபாவில் படுத்திருக்கும் அவர் காதிலும் விழும். அவருக்கு இதில் எல்லாம் நாட்டம் கிடையாது. தைப்பூசத்துக்கு ஒரு தரம், புரட்டாசியில் மரக்கறி, அவ்வளவுதான் அவர் பக்தி. "உங்க சாருக்கு வேற வேலை இல்லையா?" என்று கிண்டல் பண்ணுவார். ஆனால் மூடச் சொன்னதில்லை.

பலன் இருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும். சென்டருக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, களைப்பு வந்தால், ‘களைப்பு வந்திருக்கிறது, அதை நான் அறிகிறேன், அறிகிற நான் களைக்கவில்லை’ என்று நினைப்பேன். நெஞ்சுக்குள் ஒரு இடம் காலியாகும். அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். அழுகை நின்றது. கோபம் நின்றது. பால் பொங்கினாலும் பதறாமல் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. குறைகுடம் கூத்தாடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்தப் பெருமையில் நான் ஒன்று செய்தேன். மெஷினில் இருக்கும்போது அவருக்குக் காலில் தசை இழுத்துக்கொள்ளும். நரக வேதனை. வீட்டுக்கு வந்த பிறகும் விட்டு விட்டு வரும். "வலிக்குது" என்பார். முன்பெல்லாம் ஓடிப்போய்த் தைலம் தேய்த்துக்கொண்டே அவரையும் திட்டி, டாக்டரையும் திட்டி, கடவுளையும் திட்டுவேன். இப்போது தைலம் தேய்த்துக்கொண்டே அமைதியாகச் சொன்னேன்.

"வலி உடம்புக்குத்தாங்க. உங்களுக்கு இல்ல. தள்ளி நின்னு பாருங்க."

ஒரு தரம் இல்லை. எத்தனையோ தரம். அவர் என் முகத்தையே பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பழகுகிறார், பரவாயில்லையே என்று நினைத்தேன். தலைவலியும் பல்வலியும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

இப்படி இரண்டு வருஷம் போனது. ஒரு திங்கட்கிழமை காலை வேன் வந்து ஹாரன் அடித்தது. நான் சட்டையோடு நிற்கிறேன், அவர் எழுந்திருக்கவில்லை.

"இன்னைக்கு வரல," என்றார்.

"என்னாங்க, காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்ல. இனிமே வரல. வேனப் போகச் சொல்லு."

விளையாட்டு என்றுதான் நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். "நீதான சொன்ன, இந்த உடம்பு நான் இல்லன்னு. ரெண்டு வருஷமா அந்த மனுஷன் அடுப்படில கத்திக்கிட்டே இருக்காரு. நானும் யோசிச்சுப் பாத்தேன். சரியாத்தான் சொல்றாரு. லோரி நான் இல்ல, நான் டிரைவரு. லோரி கண்டம் ஆயிடுச்சு, இனி ஓடாது. கண்டம் ஆன லோரிய வாரத்துக்கு மூணு தடவ வொர்க்ஷாப்புக்கு இழுத்துக்கிட்டுப் போற டிரைவர் எங்கயாச்சும் பாத்திருக்கியா? இறங்கிப் போயிட வேண்டியதுதான்."

நான் பாடம் செய்ததையெல்லாம் அவர் எடுத்துக்கொண்டு என் எதிரிலேயே நிற்கிறார். வேன் போய்விட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பதற்றம் வந்திருக்கிறது, அதை நான் அறிகிறேன் என்று போய்க் குசினியில் அடுப்பு முன்னால் நின்றேன். வெட்கமாக இருக்கிறது எழுத.

செவ்வாய்க்கிழமை அவர் நன்றாகத்தான் இருந்தார். சிரித்துப் பேசினார், அளவு மீறித் தண்ணீர் குடித்தார், தடுத்ததற்கு "யாரு குடிக்கிறா?" என்று கேட்டார். புதன்கிழமை வேன் வந்தது, மறுபடியும் எழுந்திருக்கவில்லை. சென்டர் நர்ஸ் போன் பண்ணினாள். "ஆன்டி, போன வெள்ளிக்கிழமை கழுவினது. ரெண்டு தடவ விட்டாச்சு. தண்ணி நெஞ்சுக்கு ஏறிடும், பொட்டாசியம் ஏறினா ஹார்ட் நின்னுரும். இதோட வெளையாடாதீங்க, கூட்டிட்டு வாங்க." அவர் கையில் போனைக் கொடுத்தேன். "தேங்க்யூ ம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். சாயங்காலம் அக்கா வந்து போர்வையை விலக்கினார். "அலாமா! இது என்னா காலு, பூசணிக்கா மாதிரி! விரலால அமுக்கினா குழி விழுது! வகுப்பு, தத்துவம் எல்லாம் இருக்கட்டும், இவரைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போற வழியப் பாரு!" வேண்டாம் என்கிற ஆளை எப்படித் தூக்குவது? எண்பத்தைந்து கிலோ. அதற்கு மேல் பிடிவாதம் எத்தனை கிலோவோ.

வியாழக்கிழமை காலை சாருக்குப் போன் போட்டேன். அதுவரை வீட்டு விஷயம் எதையும் அவரிடம் சொன்னதில்லை. ஒரே மூச்சில் கொட்டினேன்.

"அம்மா, நீங்க வீட்ல எந்தப் பாடத்தப் போடறீங்க?" என்றார்.

"சாட்சி பாடம், சார். பேனா பாடம்."

"அதுக்கு அப்புறம் உள்ளது?"

அதற்கு அப்புறம் உள்ளதை நான் போடவில்லை. கேட்டேனா என்றால், வகுப்பில் இருந்தேன். ஒரு வாரம் தூக்கம், ஒரு வாரம் அவருடைய மருந்துக் கணக்கு மனசில் ஓடிக்கொண்டிருந்தது. முதல் பாடம் எனக்குச் சுகமாக இருந்தது, அதையே திரும்பத் திரும்பப் போட்டேன். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவள் பாட்டைக் கெடுத்தாள்.

"நீங்க பாதியிலயே எறங்கிட்டீங்க," என்றார் சார். "மொதல்ல, பாக்கறதெல்லாம் நான் இல்லன்னு தள்ளணும். தள்ளிட்டு அங்கயே நின்னா அங்க ரெண்டு இருக்கு. நீங்க ஒண்ணு, நீங்க தள்ளினது ஒண்ணு. வேதாந்தம் அதுக்கு அப்புறம்தான். தள்ளினது எல்லாத்தயும் திரும்ப எடுக்கணும். அலை தண்ணிதான். பானை மண்ணுதான். பக்கத்துல வலியில கெடக்கறவரும் நீங்கதான். ரெண்டாவது ஆளே கிடையாது, அதுதான் அத்வைதம். இது புரிஞ்சவங்க அடுத்தவங்க வலிய இன்னும் கிட்டக்கதான் உணர்வாங்க. தள்ளி நிக்க முடியாது." பிறகு, "டிரைவர் இறங்கலாம்மா, ரோட்டுல ஓடிக்கிட்டிருக்கிற லோரிய விட்டுட்டு இறங்கலாமான்னு அவரக் கேளுங்க" என்றும் சொன்னார். கடைசியில், "தப்பு என்னோடதும்தான். கேக்கறவங்க வீட்ல என்ன நடக்குதுன்னு நான் விசாரிச்சிருக்கணும்" என்றார்.

மத்தியானம் கஞ்சி கொண்டுபோனேன். அவருக்கு மல்லாந்து படுக்க முடியவில்லை, இரண்டு தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்திருந்தார். லோரிக் கேள்வியைக் கேட்டேன். உண்மையிலேயே ரசித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. உங்க சார் கனரக லைசென்ஸ் வச்சிருக்காரா?" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, "நான் ஒண்ணு கேக்கறேன். உனக்குக் களைப்பே இல்லையா?" என்றார்.

"உடம்புக்குத்தான்..." என்று என் வாய் ஆரம்பித்துவிட்டது. பழக்கதோஷம்.

அவர் கையை நீட்டித் தடுத்தார். "பாடம் வேணாம் லா. முன்னாடி நீ கத்தினா பண்டமாரான் பூரா கேக்கும். ‘உங்களக் கட்டிக்கிட்டு என்னா சுகத்தக் கண்டேன்’னு கத்துவ, ஆனா கால விடாம தேய்ப்ப. இப்ப வலிக்குதுன்னா சாமியாரம்மா மாதிரி பாக்கற. நீ மேல எங்கயோ போய் உக்காந்துக்கிட்ட. நான் மட்டும் இங்க தனியா கெடக்கறேன். சரி, இந்த உடம்புதான அவளையும் கட்டிப் போட்டிருக்கு, இத விட்டுட்டா அவளாச்சும் நல்லா இருப்பான்னு நெனச்சேன். அதான். லோரி கதையெல்லாம் சும்மா, உன்ன வாயடைக்கறதுக்கு."

இரண்டு இல்லை என்று படிக்கப் போய், ஒரே வீட்டில் இரண்டு பேராகிவிட்டிருந்தோம். எனக்கு வந்தது பாருங்கள் கோபம், இரண்டு வருஷக் கோபம். கஞ்சிக் கிண்ணத்தை ‘டங்’ என்று வைத்தேன்.

"யோவ்! களைப்பு இல்லன்னு யாருய்யா சொன்னா? எலும்பெல்லாம் களைச்சுப் போச்சு! காலையில அலாரம் அடிச்சா அழுகையா வருது. சொன்னா நீ ஒடஞ்சு போயிடுவியோன்னு முழுங்கிக்கிட்டுக் கெடக்கறேன். ஒரு நாள் நீ எழுந்திரிக்கவே கூடாதுன்னுகூட நெனச்சேன்யா! போதுமா? அப்படி ஒரு பாவி நான்!"

சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அழுகையை எந்த நானும் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அழுதேன், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்து, "எத்தன தடவ நெனச்ச?" என்றார்.

"ரெண்டு தடவ."

"அவ்ளோதானா? நான் தெனமும் நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தேன். "சரி, நாளைக்கு வேன் வந்தா போறேன்" என்றார். "ஆனா நீ கத்தணும். உள்ள வச்சுக்கக் கூடாது." தலையாட்டினேன். அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார், சிரிப்பு இருமலானது, இருமல் நிற்கவில்லை. உதடு கறுத்தது. நாளைக்கு வேன் வரும் வரை தாங்காது என்று தெரிந்துவிட்டது.

"அக்கா!" என்று நான் போட்ட சத்தம் பண்டமாரான் பூரா கேட்டிருக்கும். அக்கா காரை எடுத்தார், எதிர்வீட்டு மலாய்க்கார அண்ணன் வந்து தோள் கொடுத்தார். பின் சீட்டில் அவர் தலையை என் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். அவருடைய மூச்சு இழுக்க இழுக்க எனக்கும் மூச்சு முட்டியது. அக்கா வழியெல்லாம் ஏசுவைக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினார். நான் யாரையும் கூப்பிடவில்லை. "போயிடாதீங்க, போயிடாதீங்க" என்பதைத் தவிர வாயில் வேறு எதுவும் வரவில்லை.

ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் மாட்டினார்கள். மெஷின் தயாராக அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். அதற்குள் ஊசி மேல் ஊசி. ஒரு மலாய்க்கார டாக்டர், சின்ன வயசுப் பெண், கையில் அட்டையோடு வந்தாள். ஏன் இரண்டு தடவை போகவில்லை என்று மலாயில் என்னைக் கேட்டாள், குரல் கடுகடுவென்று இருந்தது. கேட்க வேண்டிய கேள்விதான். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என்னால்தான், நான் சொல்லிக் கொடுத்ததால்தான் என்று சொல்லப் போனேன்.

அதற்குள் அவர் மாஸ்க்கை ஒரு விரலால் நகர்த்தினார். நர்ஸ் திட்டினாள். அவர் கேட்கவில்லை. லோரிக்காரர்களின் மலாயில், வார்த்தைக்கு வார்த்தை நின்று நின்று, டாக்டரிடம் சொன்னார். "சாலா சாயா, டாக்டர். ஈஸ்திரி சாயா பெனாட்." தப்பு என்னுடையது, டாக்டர். என் மனைவி களைத்துப்போயிருக்கிறாள். "அவளுக்கு ஒரு நாற்காலி கொடுங்க" என்பதை மட்டும் தமிழில் சொன்னார், மலாயில் சொல்ல மூச்சு பத்தவில்லை.

யாருக்கும் அது புரியவில்லை. நான்தான் மாஸ்க்கைத் திரும்ப மாட்டினேன். அந்த மனுஷனிடம் மிச்சமிருந்ததே நாலு மூச்சு. அதில் ஒன்றைக்கூட அவர் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை.